பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய வாத்தியார்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்பது தெரியும். இருந்தாலும் கடைசி வரை படித்துவிடுங்கள். நான் சொல்ல வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

போன மாதம் திண்டிவனத்தில் பழைய மாணவர்கள் சந்திப்பு நடந்தது. சாப்பாடு முடிந்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், வாரத்துக்கு ரெண்டே ரெண்டு பி.டி. பீரியட். அதையும் நீங்களே வாங்கிக்கிட்டு ஈக்வேஷன் பேலன்ஸ் பண்ண வச்சீங்களே, ஏன் சார்?" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். "போர்ஷன் முடிக்கணுமேப்பா" என்று சமாளித்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் விழுப்புரத்துக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் என்னைப் போல கெமிஸ்ட்ரி வாத்தியார். என்னைப் போல் இல்லாமல், அவரே பி.டி. சாரும்கூட. அந்த இரண்டு வேலையோடு மிஷனரியாகவும், பிறகு போதகராகவும் இருந்தார். பெயர் எரிக் லிடெல்.

இந்தப் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் நம் பி.டி. சார். (எந்தப் பி.டி. சார் என்று உங்களுக்குத் தெரியும். விசில் சத்தம் இன்னும் காதில் இருக்குமே.) அவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அதைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய பள்ளி அது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்றே ஆசியாவில் ஏற்பட்ட முதல் கல்லூரி என்று பெருமையாகச் சொல்வார். தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிகளின் மைதானத்தில் விசில் ஊதியவர்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்தியத் தடகள அணியை அழைத்துப் போனவரும் இந்த பக் துரைதான். அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய லட்சுமணன் இருந்தார். நீளம் தாண்டுதலில் தலீப் சிங், 400 மீட்டரில் பிட் என்பவர். பதக்கம் எதுவும் வரவில்லை. "ஆனா சார், நம்ம ஆளு ஓடின அதே 400 மீட்டர்ல ஜெயிச்சவன் யாரு தெரியுமா?" என்று ஒரு மழை நாளில், மைதானத்தில் தண்ணீர் தேங்கி வகுப்பு நடத்த முடியாமல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார். அப்படித்தான் லிடெல் கதை தொடங்கியது. அன்றைக்கு நான் பாதிக் காதோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

லிடெல் 1902 ஜனவரி 16-இல் சீனாவில் தியான்ஜின் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்கள். நம் சேலம், கோயம்புத்தூர், ஈரோடு, நாகர்கோவில் பக்கம் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடத்திய அதே சங்கம்தான். அப்பா அம்மா சீனாவில் வேலை செய்ய, பிள்ளை ஆறு வயதிலேயே இங்கிலாந்தில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு வந்துவிட்டான். அண்ணன் ராப் மட்டும்தான் துணை. பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டே ஸ்காட்லாந்து அணிக்கு ரக்பி ஆடினார். ஓட்டத்தில் பிரிட்டன் முழுக்கப் பெயர் தெரிந்தது.

1924 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் அவருக்குத்தான் என்று நாடே எதிர்பார்த்தது. ஆனால் 100 மீட்டரின் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்பது ஆண்டவருக்கு உரிய நாள், அன்றைக்கு விளையாடுவதில்லை என்று அவர் வளர்ந்த வீட்டில் நியமம். நம் வீடுகளில் விரத நாளில் எதையும் வாயில் வைக்காத பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி உறுதி. ஓட மாட்டேன் என்றுவிட்டார். தொடர் ஓட்டங்களும் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அவற்றையும் விட்டார்.

1981-இல் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற படம் வந்தது, ஆஸ்கர் விருதும் வாங்கியது. கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிவதாக அதில் காட்டுவார்கள். அது சினிமாவுக்காக. உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அந்த மாதங்களில் அவர் தன் பயிற்சியாளரோடு சேர்ந்து 400 மீட்டருக்குத் தயாரானார். விட்டுக்கொடுத்துவிட்டு மூலையில் உட்காரவில்லை, மாற்று வழிக்கு உழைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஜூலை 9-இல் 200 மீட்டரில் வெண்கலம். ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதி ஓட்டம். அவருக்குக் கிடைத்தது கடைசி வெளிப்புறப் பாதை. ஓடியவர்களுக்குத் தெரியும், வளைவுக்காக வெளிப்பாதைக்காரனை முன்னால் நிறுத்துவார்கள். பின்னால் யார் எவ்வளவு நெருங்கி வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. லிடெல் முதல் பாதியை 200 மீட்டர் ஓட்டம் போலவே ஓடிவிட்டார். இவன் பாதியில் விழுந்துவிடுவான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். விழவில்லை. 47.6 விநாடி. ஒலிம்பிக் சாதனை, தங்கம். ஊர் திரும்பி பட்டம் வாங்கப் போனபோது தலையில் இலைக் கிரீடம் சூட்டி, மாணவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வயது 22.

நம் பி.டி. சார் இந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப சொல்லுங்க சார், நீங்களா இருந்தா அடுத்து என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. லிடெல் அடுத்த வருடமே ரயிலேறி, சைபீரியா வழியாகச் சீனாவுக்குப் போய்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிவிட்டார்.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இது அதிசயமாகத் தெரியக்கூடாது. அமெரிக்கன் ஆற்காடு மிஷனில் பிறந்த ஐடா ஸ்கடர், 1890-களில் தாயைக் கவனித்துக்கொள்ள நம் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் டாக்டரை வீட்டுக்குள் விட மாட்டோம் என்றார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வித்து நம் ஊரில் விழுந்தது. ஒரு முடிவு எடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க அதன்படி நடக்கிறவர்கள் நம் தெருவிலும் இருந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

லிடெல் தியான்ஜினில் ஆங்கிலோ சீனக் கல்லூரியில் சேர்ந்தார். பெயர்தான் கல்லூரி, பையன்கள் படிக்கிற பள்ளி அது. அறிவியல் பாடமும் விளையாட்டும் அவர் பொறுப்பு. காலையில் சோதனைக் குழாய், மாலையில் விசில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதப் பாடம். அந்த ஊரில் மின்யுவான் மைதானத்தைப் புதுப்பித்தபோது ஓடுபாதை அமைப்பதற்கு யோசனை சொன்னவரும் அவர்தான். பன்னிரண்டு வருடம் இப்படியே போனது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒருவர் பன்னிரண்டு வருடம் வருகைப் பதிவேடு எடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். கதை சொல்கிறவர்கள் எல்லாம் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

நடுவில் விடுப்பில் ஸ்காட்லாந்து போனபோது, 1932-இல் போதகராக அபிஷேகம் பெற்றார். 1934-இல் கனடா நாட்டு மிஷனரிகளின் மகளான ஃபுளோரன்ஸை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள்.

1937 இறுதியில் பள்ளியை விட்டுக் கிராமத்துக்குப் போனார். சியாவ்சாங் என்ற இடம். அண்ணன் ராப் டாக்டராக இருந்த மிஷன் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. ஜப்பான் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பக்கம் ஜப்பானிய ராணுவம், ஒரு பக்கம் சீனப் படைகள், இடையில் கொள்ளைக்காரர்கள். சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ச் சபைகளைப் பார்த்தார். காயம்பட்டுக் கிடந்தவர்களை ஆள் தேடி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

1941-இல் நிலைமை மோசமானது. கர்ப்பிணியான மனைவியையும் இரண்டு பெண்களையும் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். மூன்றாவது பெண் அங்கே பிறந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

1943 மார்ச்சில் ஜப்பானியர்கள் அவரையும் மற்ற வெளிநாட்டவர்களையும் வெய்சியன் என்ற முகாமில் அடைத்தார்கள். ஒரு பழைய மிஷன் வளாகம். உள்ளே ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல். அவர்களில் செஃபூ என்ற மிஷன் பள்ளியின் பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் வந்தவர்கள். அம்மா அப்பா சீனாவின் வேறு மூலையில், பிள்ளைகள் இங்கே முள்வேலிக்குள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் 'எரிக் மாமா'.

இனிமேல் சொல்வதைக் கெமிஸ்ட்ரி குரூப் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள். முகாமில் லேப் கிடையாது, புத்தகம் கிடையாது. பிள்ளைகளோ பரீட்சைக்குத் தயாராக வேண்டும். லிடெல் கெமிஸ்ட்ரி பாடத்தைத் தானே கையால் எழுதினார். உபகரணங்களைப் படமாக வரைந்தார். பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்தே பரிசோதனை கற்றார்கள். ப்யூரெட் வாங்கப் பணம் வராத வருடத்தில் நான் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் ப்யூரெட் வரைந்து டைட்ரேஷன் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதை நான் பெரிய தியாகம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். ஹாக்கி மட்டைகள் உடைந்தால் தன் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டுப் போட்டு ஒட்டினார். முகாமில் பசி, குளிர், இட நெருக்கடி. அங்கே இருந்த லாங்டன் கில்கி என்பவர் பிறகு அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். படித்தவர்கள், பக்திமான்கள் எல்லாம் ஒரு அங்குல இடத்துக்கும் ஒரு கவளச் சோற்றுக்கும் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று கொஞ்சமும் மறைக்காமல் எழுதியவர். அவரே லிடெலைப் பற்றி எழுதும்போது மட்டும், பெயரை மாற்றி, மகான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

முகாமிலும் லிடெல் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வைப்பதில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே ஹாக்கி ஆட ஆரம்பித்தார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் கைகலப்பில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள். நடுவராக நின்றவர் எரிக் லிடெல்.

ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று உலகத்தின் முன்னால் ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர். நாட்டின் எதிர்பார்ப்பும் அசைக்க முடியாத நியமம் அது. நாலு பிள்ளைகள் மட்டையால் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதை அவர் தள்ளி வைத்தார். தனக்காக என்றால் அந்த நாளில் ஒருநாளும் ஓடியிருக்க மாட்டார். பிள்ளைகளுக்காக என்றதும் விசிலை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1945 ஜனவரி, கடும் குளிர். ஸ்டீபன் மெட்காஃப் என்ற பையனின் செருப்பு தேய்ந்து போயிருந்தது. லிடெல் தன் ஓட்டப் பந்தய ஷூவை, நூலால் ஒட்டுப்போட்டுக் கட்டி அவனிடம் கொடுத்தார். எதிரிகளுக்காகவும் ஜெபம் செய்ய வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். சில வாரங்களில், பிப்ரவரி 21-இல், மூளைக் கட்டியால் லிடெல் இறந்தார். வயது 43. அன்றைக்குக்கூட மனைவிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவரைச் சுமந்தவர்களில் அந்த ஷூ போட்ட பையனும் ஒருவன். ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17-இல் முகாம் விடுதலையானது. மெட்காஃப் வளர்ந்து 1952-இல் ஜப்பானுக்கு மிஷனரியாகப் போனார். தன்னைச் சிறை வைத்தவர்களின் நாட்டில் பல வருடங்கள் ஊழியம் செய்தார். வாத்தியார் சொன்ன ஒரு பாடம் பலித்துவிட்டது.

இப்போது என் கதை.

தொண்ணூறுகளில் என் பிளஸ் டூ வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். தினமும் ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்கு ஓடியே வருவான், செருப்பு இல்லாமல். பி.டி. சார் அவனை 400 மீட்டருக்குத் தயார் செய்தார். வட்ட அளவில் ஜெயித்தான். மாவட்டப் போட்டி வந்தது. அந்தத் தேதியில் நான் ரிவிஷன் டெஸ்ட் வைத்திருந்தேன்.

பி.டி. சார் என்னிடம் வந்து நின்றார். "சார், ஒருநாள் விடுங்க. டெஸ்டை அவனுக்கு மட்டும் மறுநாள் வச்சுக்குங்க" என்றார். நான், "ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க சார். ஓட்டம் அவனுக்குச் சோறு போடாது" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போட்டிக்குப் போகவில்லை. டெஸ்ட் எழுதினான். அதன் பிறகு அவன் ஓடிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

என் மேல் தப்பில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். விதி என்றால் விதி. கண்டிப்பான வாத்தியார் என்று எனக்குப் பெயர், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. லிடெலும் கண்டிப்பானவர்தான். ஆனால் அவருடைய கண்டிப்பின் விலையை அவரே கொடுத்தார், தங்கப் பதக்க வாய்ப்பை விட்டு. என் கண்டிப்பின் விலையை அந்தப் பையன் கொடுத்தான். இந்த வித்தியாசம் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திண்டிவனம் சந்திப்புக்கு அவனும் வந்திருந்தான். பி.டி. பீரியட் கேள்விக்கு எல்லாரும் சிரித்தபோது அவனும் பின் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது அவன் தோளைத் தொட்டு, "அந்த மாவட்டப் போட்டி ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டேன். "விடுங்க சார், எப்பவோ நடந்தது" என்றான். கொஞ்சம் கழித்து, "அந்த டெஸ்ட்ல எனக்கு 41 மார்க் சார்" என்றான்.

அந்த மார்க்கைப் போட்டவன் நான். எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது.

தம்பி, அன்றைக்கு மண்டபத்தில் நாலு பேர் இருந்ததால் வாய் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சொன்னவன், எல்லார் முன்னாலும்தான் இதையும் சொல்ல வேண்டும். நான் செய்தது தவறு. டெஸ்டை மறுநாள் வைத்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு.

நம் பி.டி. சார் இப்போது இல்லை. அவரிடமும் கேட்டிருக்க வேண்டும். அவர் அந்த மழை நாளில் லிடெல் கதையைச் சொன்னது இந்தச் சம்பவத்துக்கு அடுத்த வருடம். ஏன் சொன்னார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இப்போது ஆசிரியர்கள். உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போர்ஷன் முடியவில்லை என்றால் காலையில் அரை மணி நேரம் முன்னால் வாருங்கள், சனிக்கிழமை வையுங்கள். பி.டி. பீரியடை மட்டும் கடன் வாங்காதீர்கள். நான் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மற்றவர்கள் உங்கள் பி.டி. சாரைப் பற்றி ஞாபகம் இருப்பதைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துங்கள், மார்க் குறைக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்
விழுப்புரம்